பம்ப் ஷாட்கன்: பின்கட்டை, கைப்பிடி வடிவங்களின் வரலாறு

குழலுக்குக் கீழே உள்ள முன்பிடியைப் பின்னும் முன்னும் தள்ளி, சுட்ட தோட்டாவை வெளியேற்றிப் புதிய தோட்டாவை ஏற்றும் சிதறுதுப்பாக்கியே பம்ப் ஷாட்கன் எனப்படுகிறது. இதன் வளர்ச்சி பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது. தோளில் பதியும் பின்கட்டையும் கைப்பிடியும் பார்வைக்குச் சாதாரணப் பாகங்கள்தான். ஆனால் ரவை எங்கே விழும், பின்னுதைப்பு எவ்வளவு உறைக்கும், காப்புப் பொத்தான் விரலுக்கு எட்டுமா என்பனவற்றை அவையே தீர்மானிக்கின்றன.

கண்ணே பின்குறி

ரைபிளில் முன்குறி, பின்குறி என இரண்டு உண்டு. பெரும்பாலான சிதறுதுப்பாக்கிகளில் குழலின் நுனியில் ஒரு சிறு மணி மட்டுமே இருக்கும். பின்குறியின் வேலையைச் சுடுபவரின் கண்ணே செய்கிறது. கன்னம் பதியும் மேல்விளிம்பு உயரமாக இருந்தால் கண் மேலேறி, ரவைகளும் மேலே செல்லும். தாழ்வாக இருந்தால் ரவைகள் கீழே செல்லும்.

விசையிலிருந்து கட்டையின் முனை வரையுள்ள நீளமும் முக்கியம். பெரியவர்களுக்கான துப்பாக்கிகளில் இது ஏறத்தாழ 14 அங்குலம். கட்டை மிக நீளமாக இருந்தால் தோளுக்கு உயர்த்தும்போது உடையில் மாட்டும். மிகக் குட்டையாக இருந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும்.

நேர்பிடியிலிருந்து வளைபிடிக்கு

பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் பின்கட்டை வளைவின்றி நேராக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. அவற்றில் இரண்டு விசைகள் இருந்ததால், ஒன்றை இழுத்தபின் கை சற்றுப் பின்னே வழுக்கி அடுத்ததைப் பிடிக்க வேண்டும். நேர்பிடி அதற்கு வசதியாக இருந்தது.

பம்ப் ஷாட்கனின் தேவை வேறு. கிறிஸ்டோபர் ஸ்பென்சரும் சில்வெஸ்டர் ரோப்பரும் 1882-இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கி இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1893, புகையில்லா வெடிமருந்துக்கு ஏற்ப வலுவாக்கப்பட்டு 1897 மாதிரியாக வந்தது. 1957 வரை தயாரிக்கப்பட்ட இம்மாதிரி பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

பம்ப் ஷாட்கனில் விசை ஒன்றுதான். பின்கை நகர வேண்டியதில்லை. மாறாக, முன்கை இழுத்துத் தள்ளும்போது துப்பாக்கியை அசையாமல் நிறுத்துவது பின்கையும் தோளும்தான். எனவே விரல்கள் நன்கு பற்றும் மென்மையான வளைபிடி இவ்வகையில் பரவலாக நிலைத்தது. 1912-இல் வந்த வின்செஸ்டர் 12, 1950-இல் வந்த ரெமிங்டன் 870 ஆகியவற்றிலும் அதுவே வழக்கமான வடிவம்.

பிடியும் காப்புப் பொத்தானும்

ரெமிங்டன் 870-இல் காப்புப் பொத்தான் விசைக்குப் பின்னால், குறுக்காக அமைந்துள்ளது. மோஸ்பெர்க் 500-இல் அது துப்பாக்கியின் முதுகில், கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிறது. வழக்கமான பின்கட்டையோடு மோஸ்பெர்க்கின் அமைப்பு இடக்கை, வலக்கை இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் கைத்துப்பாக்கியில் உள்ளதுபோல் செங்குத்தாக இறங்கும் பிடியைப் பொருத்தினால், பொத்தானை எட்டுவதற்குக் கட்டைவிரல் தன் பிடியைத் தளர்த்த வேண்டியிருக்கும். ரெமிங்டனில் இந்தச் சிக்கல் குறைவு. ஆகவே பிடியை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. காப்புப் பொத்தான் எங்கே உள்ளது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கட்டையில்லாத் துப்பாக்கிகள்

வாகனங்களில் எடுத்துச் செல்ல வசதியாக மடக்கும் உலோகக் கட்டைகளும், பின்கட்டையே இல்லாத வெறும் பிடிகளும் பின்னாளில் வந்தன. இவை இடத்தைச் சேமித்தன. ஆனால் பின்னுதைப்பைத் தாங்கத் தோள் இல்லாததால், வெறும் பிடியில் முழு விசையும் மணிக்கட்டில் இறங்குகிறது. கன்னம் பதிய இடமில்லாததால் கண்ணும் பின்குறியாக நிற்பதில்லை. அருகில் சுட்டாலும் குறி தவறுவது எளிது.

சட்டத்தில் பிடியின் இடம்

அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டம், 18 அங்குலத்துக்குக் குறைவான குழலுடைய சிதறுதுப்பாக்கிகளைக் கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இன்றைய கூட்டாட்சிச் சட்டம் ‘ஷாட்கன்’ என்பதைத் தோளில் வைத்துச் சுடுவதற்கான ஆயுதமாக வரையறுக்கிறது. 2017-இல் வந்த மோஸ்பெர்க் ஷாக்வேவ் துப்பாக்கியின் குழல் சுமார் 14 அங்குலம்; மொத்த நீளம் 26 அங்குலத்துக்குச் சற்று அதிகம். தோள்கட்டை இல்லாமல், பறவைத்தலை வடிவப் பிடியுடனேயே தயாரிக்கப்பட்டதால் அது அவ்வரையறைக்குள் வரவில்லை. தோள்கட்டையோடு தயாரான துப்பாக்கியை அதேபோல் குறுக்குவதற்குக் கூட்டாட்சி அனுமதி தேவை. மாநிலச் சட்டங்கள் இதிலிருந்து வேறுபடலாம்.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

பறவை வேட்டைக்கும் களிமண் தட்டுப் போட்டிகளுக்கும் துப்பாக்கி விரைவாகத் தோளுக்கு ஏற வேண்டும் என்பதால் மென்மையான வளைபிடியோ நேர்பிடியோ பொருந்தும். உயரம் குறைந்தவர்களுக்கும் இளையோருக்கும் குட்டைக் கட்டைகள் தனியாகக் கிடைக்கின்றன. சில மாதிரிகளில் இடைத்தகடுகளைச் சேர்த்தோ நீக்கியோ நீளத்தை மாற்றலாம். உடலுக்குப் பொருந்தாத கட்டையோடு பழகினால் தோளில் வலி வரும்; வலிக்கு அஞ்சி விசையை இழுக்கும்போதே உடல் சிலிர்க்கும் பழக்கமும் வரும். அப்பழக்கம் வந்தபின் நல்ல துப்பாக்கி கையில் இருந்தாலும் குறி தவறும்.