நெல் அந்துப்பூச்சி

நெல், கோதுமை, சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றின் மணிக்குள் வளரும் சிறு விட்டில் இனம் நெல் அந்துப்பூச்சி. இதன் அறிவியல் பெயர் சைட்டோட்ரோகா செரியலெல்லா. கெலிக்கிடே குடும்பத்தைச் சேர்ந்தது. 'அந்து' என்ற சொல் முன்பு சேமித்த நெல்லைக் கெடுக்கும் பூச்சிக்கே வழங்கியது. இன்றைய பாடநூல்களோ விட்டில்கள் எல்லாவற்றையும் அந்துப்பூச்சி என்றே அழைக்கின்றன.

வைக்கோல் நிறம். சிறகை மடித்து உட்கார்ந்தால் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். நெல்மணி மீது இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். பின்சிறகு நுனியில் விரல்போல் கூராக நீண்டு, ஓரங்களில் நீண்ட மயிர்க்குஞ்சம் கொண்டிருக்கும். இனத்தைப் பிரித்தறிய நம்பத்தக்க அடையாளம் இதுதான்.

பெண்பூச்சி இடும் முட்டை முதலில் வெண்மையாக இருந்து பின் சிவக்கும். பொரித்த புழு மணியைத் துளைத்து உள்ளே புகுந்தால் புழுவாக வெளியே வருவதில்லை. நெல்லில் மணிக்கு ஒரு புழு. பெரிய மக்காச்சோள மணியில் இரண்டு மூன்றும் இருக்கலாம். உள்ளிருக்கும் மாவைத் தின்று வளர்ந்த புழு, கூட்டுப்புழுவாகுமுன் ஒரு முக்கிய வேலையை முடிக்கிறது. மணியின் தோலை வட்டமாக அரித்து, மெல்லிய மூடியாக விட்டுவைக்கிறது. விட்டில் அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடிக்கும் வாயுறுப்பு அதற்கு இல்லாததால், புழுப் பருவத்திலேயே வாசல் அமைந்திருக்க வேண்டும். வெப்பமான காலத்தில் முட்டை முதல் விட்டில் வரை ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். விட்டில் எதையும் தின்பதில்லை. சில நாள்களில் இறந்துவிடும்.

பத்தாயம், குதிர், கிடங்கு எங்கும் இது வாழும். ஆனால் தொற்று பல நேரம் வயலிலேயே, முற்றும் கதிரிலேயே தொடங்கிவிடுகிறது. குவியலின் ஆழத்துக்குள் விட்டில்களால் நுழைய முடியாது. சேதம் பெரும்பாலும் மேலடுக்கோடு நிற்கும். அறுத்தவுடன் நன்றாகக் காயவைப்பதும், நொச்சி, வேப்பிலை கலந்து சேமிப்பதும் நம் வீடுகளில் நெடுங்காலமாக உள்ள வழக்கம்.

பிரான்சின் அங்கூமுவா பகுதியில் இது பெருகி விளைச்சலை அழித்தபோது, 1760இல் பாரிஸ் அறிவியல் கழகம் துஹமெல் து மொன்சோ, தியே இருவரையும் ஆராய அனுப்பியது. அவர்கள் நூல் 1762இல் வெளிவந்தது. பூச்சியின் ஆங்கிலப் பெயரில் அந்தப் பகுதி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பூச்சிக்கு ஒரு பயனும் உண்டு: பிற நாடுகள் பலவற்றில் டிரைக்கோகிராமா ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்க்க இதன் முட்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் அந்த வேலைக்குப் பெரும்பாலும் அரிசி அந்துப்பூச்சியான கோர்சைராவின் முட்டைகள்தான்.