அங்கிக்குள் இருந்த சீருடை

ஜெர்மனியின் ஹாலே நகரம் நமக்கு அந்நியமில்லை. சீகன்பால்கு படித்த ஊர். தரங்கம்பாடிக்குப் பாதிரிமார்களை அடுத்தடுத்து அனுப்பிவைத்த ஊர். நம் பனையோலைச் சுவடிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அங்கு ஆசிரியராக இருந்த ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க்கையும் இந்தியாவுக்கு அனுப்பும் பேச்சு இருந்தது. ஆனால் 1741 செப்டம்பர் 6, அவருடைய முப்பதாவது பிறந்தநாளில், பென்சில்வேனியாவுக்குப் போகச் சம்மதமா என்று கேட்டார் ஹாலே நிறுவனங்களின் தலைவர் ஃபிராங்கே. அந்த ஒரு கேள்வியில் ஒரு வம்சத்தின் திசை மாறியது. அடுத்த ஆண்டு நவம்பரில் மூலன்பெர்க் பிலடெல்பியாவில் இருந்தார்.

1745இல் அவர் மணந்த அன்னா மரியா, கான்ராட் வைசரின் மகள். வைசர் 1710இல் தந்தையோடு நியூயார்க் வந்து இறங்கிய ஜெர்மானிய அகதிச் சிறுவன். பதினாறு வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க மோஹாக் பழங்குடியினரோடு தங்கி அவர்கள் மொழியைக் கற்றவர். பின்னாளில் பென்சில்வேனிய அரசின் மொழிபெயர்ப்பாளர். ஆக, தந்தைவழியில் வேதம், தாய்வழியில் காடு. இரண்டும் சேர்ந்து பிறந்தவர் மூத்த மகன் பீட்டர், 1746 அக்டோபர் 1 அன்று.

படிப்பதற்காக 1763இல் ஹாலேவுக்கு அனுப்பினார்கள். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. லூபெக் நகரத்தில் ஒரு வியாபாரியிடம் ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். கல்லாவுக்குப் பின்னால் மூன்று ஆண்டுகள் நின்றவர், ஒருநாள் ஓடிப்போய் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றில் சேர்ந்துகொண்டார். பின்னாளில் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட தளபதி முதலில் உடுத்தியது பிரிட்டிஷ் சீருடை! ஊர் திரும்பி, பாதிரியாராகி, வர்ஜீனியாவின் வுட்ஸ்டாக்கில் சபை நடத்தினார்.

1776 ஜனவரியில் நடந்ததாகச் சொல்லப்படும் காட்சியை அமெரிக்கப் பிள்ளைகள் பலரும் கேட்டிருப்பார்கள். பிரசங்கம் முடிந்ததும் பீட்டர் மேடையிலேயே அங்கியைக் கழற்றுகிறார். உள்ளே ராணுவச் சீருடை. வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்திலுள்ள அவருடைய பளிங்குச் சிலையும் அங்கியைக் கழற்றும் கோலத்தில்தான் நிற்கிறது. ஆனால் அந்தக் காட்சி விரிவாக அச்சேறியது 1849இல், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் எழுதிய நூலில். அதற்கு முன்பே 1823இல் அச்சான ஒரு ராணுவ மருத்துவரின் நாட்குறிப்பு, பீட்டர் வாளோடும் தொப்பிச் சின்னத்தோடும் மேடையேறிப் பேசினார் என்கிறது. அங்கியைக் கழற்றியதாக அதில் இல்லை. என்னைக் கேட்டால், மருத்துவர் சொல்வதுதான் நம்பத்தக்கது. வாளைக் கட்டிக்கொண்டு மேடையேறுகிறவருக்கு மறைக்க என்ன இருக்கிறது?

அமெரிக்கப் புரட்சிப் படைவீரர்களின் வேர் தேடுகிறவர்களுக்கு ஒரு பெரிய தடை உண்டு. 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பற்றி ஆவணங்கள் சாம்பலாயின. பிற்பாடு ஓய்வூதியம் கேட்டவர்கள் கொடுத்த வாக்குமூலங்களையும், வீட்டுப் பைபிள்களிலும் சபைப் பதிவேடுகளிலும் இருக்கும் பெயர்களையும் கொண்டுதான் பல குடும்பங்கள் தங்கள் கதையை ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. மூலன்பெர்க் குடும்பத்துக்கு அந்தக் கஷ்டமில்லை. அப்பா நாட்குறிப்பு எழுதினார்.

போரைப் பற்றி அந்த முதியவர் எழுதியிருப்பதைப் படித்தால் மனசு கனக்கும். அவர் பிறந்த ஊர், பிரிட்டிஷ் அரசரின் பூர்வீகமான ஹனோவரைச் சேர்ந்தது. ராஜவிசுவாசம் ஒருபக்கம், படைத்தளபதியான மகன் மறுபக்கம். இளையவர் ஃப்ரெடரிக்கோ, பாதிரிக்குப் போர் எதற்கு என்று அண்ணனையே கண்டித்தவர். அந்த ஃப்ரெடரிக்தான் பிரிட்டிஷ் படைக்கு அஞ்சி நியூயார்க்கை விட்டு ஓடி, அங்கியைத் துறந்து, 1789இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகரானார்!

1777 செப்டம்பர் 11. பென்சில்வேனியாவின் ட்ராப் கிராமத்து வீட்டில் இருந்த அப்பாவின் காதில் தொலைதூரப் பீரங்கிச் சத்தம் விழுந்தது. பிராண்டிவைன் ஓடைப் போர் அது. பின்வாங்கிய தளபதி வாஷிங்டனின் படையைக் காக்க, எதிரியைத் தடுத்து நின்ற படைகளில் பீட்டரின் பிரிகேடும் ஒன்று. அந்த மாதக் கடைசியில் உள்ளூர்ப் படையினர் முதியவரின் தேவாலயத்திலேயே வந்து தங்கினார்கள். அவர் உள்ளே போய்ப் பார்த்தபோது ஒருவன் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தான், மற்றவர்கள் கூடப் பாடினார்கள். தரையெல்லாம் வைக்கோல். பலிபீடத்தின் மேல் எச்சில் உணவு. அத்தனையும் மகன் சேர்ந்திருந்த தரப்பு ஆட்கள். எழுதிவைத்தார். திட்டித் துரத்தவில்லை.

பீட்டர் யார்க்டவுன் முற்றுகைவரை போர்க்களத்தில் இருந்தார். 1807இல், தாம் பிறந்த அதே அக்டோபர் 1ஆம் தேதி, இறந்தார். அவரைப் புதைத்தது அந்தத் தேவாலயத்தின் பின்புறம், அப்பாவின் கல்லறை இருக்கும் அதே இடத்தில்.

(தொடரும்)