அறிவுக்கு ஈந்த கொடை

அறிவு இறைவனின் அருட்கொடை. ஆயினும் அதனைத் தேடிப் புறப்படுகிறவனுக்கு வயிறு உண்டு, குடும்பம் உண்டு, இரவில் ஏடு விரிக்க விளக்கெண்ணெயும் வேண்டும். கலைகளின் வரலாற்றை எழுதுவோர் உண்மையைக் கண்டறிந்தவரின் பெயரைப் பொன்னெழுத்துகளால் பொறிக்கின்றனர். அவருக்குச் சோறிட்டவர் யார், அவர் பெற்ற திங்கட் சம்பளம் எவ்வளவு, அது எந்த நிபந்தனையின் பேரில் கிட்டியது என்பவற்றை ஏட்டின் ஓரத்தில்கூடக் குறிப்பதில்லை. அந்த ஓரத்தையே இக்கட்டுரையில் நாம் நோக்க விழைகிறோம். மனித மூளையின் இயக்கத்தைக் கணக்கின் வழியே ஆராயும் கணிப்பு நரம்பியல் என்னும் புதுக்கலையை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

பகுதாதின் திங்கட் சம்பளம்

இக்கலை புதியதேயாயினும் இதன் வேர்கள் பழமையானவை. ஒரு வேர் கணக்கு, மற்றொன்று மருத்துவம். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பகுதாதில் இவ்விரண்டு வேர்களுக்கும் நீர் வார்க்கப்பட்டது. அல்-குவாரிஸ்மீ அங்கிருந்துதான் தம் கணித நூல்களை யாத்தார். கணிப்பொறி வல்லுநர் நாள்தோறும் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல் அப்பெரியாரின் பெயர் மருவியதே. அதே நகரில்தான் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், யூனானி மருத்துவர் ஜாலீனூஸ் என்றழைக்கும் கேலனின் நூல்களை அரபியிலும் சுரியானியிலும் பெயர்த்தார். கண்ணைப் பற்றி அவரே இயற்றிய பத்து இயல்களுள் ஓர் இயல் மூளையின் இயல்பையும் செயல்களையும் ஆராய்வதற்கென்றே அமைந்தது.

இவ்வறிஞர்களைப் பேணியவர் கலீஃபாக்கள் மட்டும் அல்லர். மூஸா இப்னு ஷாகிரின் மைந்தர் மூவர், முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்போர், தாமே கணிதத்திலும் பொறியியலிலும் தேர்ந்தவர்கள். மொழிபெயர்ப்பாளர் குழுவினர்க்கு அவர்கள் மாதந்தோறும் ஏறத்தாழ 500 தீனார் வழங்கி வந்ததாக வரலாற்று நூல்கள் பகர்கின்றன. அத்தொகை எதற்கென்று குறிக்குமிடத்து, மொழிபெயர்ப்புக்கு என்பதோடு 'முலாஸமா' என்ற சொல்லும் ஆளப்பட்டிருக்கிறது. வேறெதிலும் கவனம் சிதறாது ஒரு பணியையே பற்றி நிற்றல் என்பது அதன் பொருள். செய்து முடித்த ஏட்டுக்கு விலை கொடுத்தார்கள் என்பதைவிட, ஏடு செய்யும் மனிதனின் காலத்தையே விலைகொடுத்து வாங்கி அதை அவனிடமே திருப்பித் தந்தார்கள் என்பது பொருத்தம்.

பெற்றவர் யார் என்பதும் நோக்கற்பாலது. ஹுனைன் ஹீரா நகரத்துக் கிறித்தவர். தாபித் இப்னு குர்ரா, விண்மீன்களை வழிபட்ட ஹர்ரான் நகரத்து ஸாபியர்; அங்கே நாணயம் மாற்றும் தொழில் செய்து கொண்டிருந்தவர். பயண வழியில் அவரைக் கண்ட முஹம்மது இப்னு மூஸா, அவர்தம் மொழித்திறன் அறிந்து பகுதாதுக்கு அழைத்து வந்தார். அந்த அழைப்பு இல்லையேல் கணித உலகின் பெருமேதை ஒருவர் ஹர்ரானின் கடைவீதியிலேயே காசு எண்ணிக் காலம் கழித்திருக்கக்கூடும்.

ஆதரவு அற்றுப்போன நிலையையும் வரலாறு காட்டுகிறது. நைல் நதியின் பெருக்கைச் சீர்செய்ய எகிப்துக்கு வரவழைக்கப்பட்ட இப்னுல் ஹைதம், அது இயலாதென்று கண்டு, ஆட்சியாளர் அல்-ஹாகிமின் சினத்துக்கு அஞ்சிப் பித்தர்போல் நடித்தார் என்பர். அல்-ஹாகிம் 1021-இல் மறைந்த பின், ஆண்டுதோறும் யூக்ளிடின் நூலையும் தாலமியின் நூலையும் படியெடுத்து, 150 தீனாருக்கு விற்று வயிறு வளர்த்தார் என்றும் எழுதி வைத்துள்ளனர். காண்பது கண்ணின் செயல் மட்டுமன்று, உள்ளிருந்து ஒப்பிட்டுத் தீர்ப்புரைக்கும் ஆற்றலும் அதில் உண்டு என்று தம் 'கிதாபுல் மனாஸிர்' நூலில் விளக்கியவர் அவர். இன்றைய மூளை ஆராய்ச்சியாளர் இக்கருத்தைத் தம் துறையின் முன்னோடியாகப் போற்றுகின்றனர். அத்தகையவரின் கை, பிறர் நூலைப் படியெடுப்பதில் தேய்ந்தது.

லாகூரில் ஒரு தனிமை

ஆயிரம் ஆண்டுகள் கடந்து நம் காலத்துக்கு வருவோம். 1926-இல் பிறந்து ஜங் நகரில் வளர்ந்த அப்துஸ் ஸலாம், கேம்பிரிட்ஜில் பெரும் புகழ் ஈட்டி, 1951-இல் லாகூர் அரசுக் கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பினார். அவருக்குச் சம்பளம் இருந்தது, பதவியும் இருந்தது. ஆனால் அவருடைய துறையில் உரையாட அருகில் ஓர் ஆள் இல்லை. புதிய ஆராய்ச்சி இதழ்கள் வந்து சேரவில்லை. ஆராய்ச்சியை மறந்துவிட்டுக் கல்லூரியின் வேறு பொறுப்பொன்றை ஏற்குமாறு கூறப்பட்டபோது, அவர் தெரிந்தெடுத்தது கால்பந்துக் குழுவின் தலைமை. நாட்டை விடுவதா, ஆராய்ச்சியை விடுவதா என்ற இக்கட்டில் 1954-இல் மீண்டும் கேம்பிரிட்ஜுக்கே சென்றார்.

தாம் பட்ட துயரம் தம் பின்னோர்க்கு வரலாகாது என்று அவர் எண்ணியதன் விளைவே இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1964-இல் தோன்றிய சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம். 1960-இல் சர்வதேச அணுசக்தி முகமையின் மாநாட்டில் இந்த யோசனை முன்வைக்கப்பட்டது. வளரும் நாடுகளுக்கு மாட்டு வண்டியே போதும், ரோல்ஸ் ராய்ஸ் எதற்கு என்ற பொருள்பட எள்ளியவரும் உண்டென ஸலாம் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இத்தாலிய அரசு இடமும் பொருளும் ஈந்து துணை நின்றது.

அம்மையம் வகுத்த 'இணையுறுப்பினர்' திட்டமே நம் கருத்துக்குரியது. வளரும் நாடொன்றில் பணிபுரியும் அறிஞர், சில ஆண்டுக் காலத்துக்குள் பலமுறை, தமக்கு வாய்த்த திங்களில் திரியெஸ்தே சென்று தங்கிப் பயிலலாம். வழிச்செலவும் உணவும் உறையுளும் மையத்தின் பொறுப்பு. அவர் தாயகத்தில் தம் பணியைத் தொடர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பகுதாதின் புரவலர்கள் அறிஞரைத் தம்மிடம் வரவழைத்துக் கொண்டனர். ஸலாமோ, வரவழைத்து மீண்டும் ஊருக்கு அனுப்பி வைத்தார். 1979-இல் கிடைத்த நோபல் பரிசின் தம் பங்கு முழுவதையும் அவர் வளரும் நாட்டு இயற்பியலாளர்க்கே உரியதாக்கினார்.

மூளையும் கணக்கும்

இனி மூளைக் கலைக்கு வருவோம். கணவாயின் பெருத்த நரம்பிழையில் மின்துடிப்பு எவ்வாறு பாய்கிறது என்பதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி எனும் ஆங்கில அறிஞர் இருவர் 1952-இல் சமன்பாடுகளாக வடித்தனர். கேம்பிரிட்ஜின் கணிப்பொறி அவ்வேளை பயனில் இல்லாமையால், கையால் சுழற்றும் கணக்கிடும் எந்திரத்தைக் கொண்டே ஹக்ஸ்லி அக்கணக்கை முடித்தார். கணிப்பு நரம்பியலின் அடித்தளமான அப்பணிக்கு 1963-இல் நோபல் பரிசு கிட்டியது.

பெரும் ஆய்வுக்கூடமோ விலையுயர்ந்த கருவியோ இன்றி, ஒரு கணிப்பொறியும் தெளிந்த கணித அறிவும் கொண்டு நுழையக்கூடிய துறை இது. அவ்வாறாயின் கார்ட்டூமிலும் டாக்காவிலும் உள்ள இளைஞர் இதில் அருகியே காணப்படுவது ஏன்? லாகூரில் ஸலாமுக்கு நேர்ந்ததே இவர்க்கும் நேர்கிறது. உரையாட ஆள் இல்லை. மாநாட்டுக்குச் செல்லப் பணம் இருந்தால் விசா இல்லை. விசா கிட்டினால் பணம் இல்லை.

இக்குறையைக் களைய எழுந்த முயற்சிகளில் இரண்டைச் சுட்டுவோம். 1961-இல் நிறுவப்பட்ட சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பும் அமெரிக்காவின் சைமன்ஸ் அறநிறுவனமும் பொருளுதவி செய்ய, 2017-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பகுதியில் 'இம்பிஸோ' என்னும் பயிலரங்கு தொடங்கிற்று. ஸூலு மொழியில் அச்சொல்லுக்கு, அழைத்துக் கூட்டிய அவை என்று பொருள். ஆப்பிரிக்க மாணவரும் பிற கண்டத்து மாணவரும் ஒரே கூரையின்கீழ் சில வாரம் தங்கிக் கற்கின்றனர். இங்கே மாணவன் ஐரோப்பாவின் வாயிலில் காத்து நிற்கவில்லை. பாடமே அவனுடைய கண்டத்தைத் தேடி வந்திருக்கிறது.

மற்றொன்று, கொள்ளைநோயால் உலகம் அடைபட்டிருந்த 2020 ஜூலையில் கணிப்பொறித் திரையின் வழியே நடந்த 'நியூரோமேட்ச்' பள்ளி. 1,700-க்கு மேற்பட்ட மாணவர் சிறு சிறு குழுக்களாகப் பயின்றனர். கட்டணம் அவரவர் நாட்டின் பொருள்நிலைக்கேற்பக் குறைக்கப்பட்டது; இயலாதவர்க்கு விலக்கும் உண்டு. ஆனால் அமெரிக்கப் பொருளாதாரத் தடையின் காரணமாக ஈரான் நாட்டு மாணவரைச் சேர்த்துக்கொள்ள முடியாத நிலை முதலில் ஏற்பட்டது. இலவசமாகக் கற்பிப்பதற்கும் சட்டம் குறுக்கே நின்றது! அமைப்பாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. அமெரிக்க அரசிடம் வாதாடித் தனி உரிமம் பெற்று அம்மாணவர்க்கும் கதவைத் திறந்தனர். ஹர்ரானின் நாணய வணிகரைக் கைப்பற்றி அழைத்துச் சென்ற முஹம்மது இப்னு மூஸாவின் செயலோடு இதனை நாம் ஒப்பிடுகிறோம்.

நம் இல்லங்களுக்கு ஒரு சொல்

வாசகப் பெருமக்களே! வக்ஃபு என்னும் நிலையான அறத்தின் வருவாயிலிருந்து ஆசிரியர்க்குச் சம்பளமும் மாணவர்க்கு உதவித்தொகையும் வழங்கிய மத்ரஸாக்களின் மரபு நமக்குப் புதிதன்று. பள்ளியில் சேரும் பிள்ளைக்குக் கட்டணமும் புத்தகமும் வழங்கும் நல்லோர் நம்மிடையே இன்றும் உளர். ஆயினும் பட்டம் பெற்றபின் ஓர் இளைஞன் ஆராய்ச்சியில் இறங்க விரும்பும்போது, "படித்தது போதும், சம்பாதிக்கும் வழியைப் பார்" என்பதே பெரும்பாலும் அவன் கேட்கும் சொல். இப்னுல் ஹைதமைப் படியெடுக்க வைத்த நிலை அதுவே.

கல்விக்கு அறம் செய்ய எண்ணுவோர் தம் கொடையில் ஒரு பகுதியை இப்பருவத்துக்கு ஒதுக்கலாம். அயலூரில் நடக்கும் பயிலரங்குக்குப் போக்குவரத்துச் செலவு. கற்றதை ஊரில் தொடர ஈராண்டுக்கு ஓர் உதவித்தொகை. பெறுகிறவர் எந்தத் தெரு, எந்த மார்க்கம் என்று கேளாமல் கொடுப்பது பகுதாத் காட்டிய வழி. அவர் திரும்பி வருவதற்கும் சேர்த்துக் கொடுப்பது திரியெஸ்தே காட்டிய வழி. இவ்விரண்டையும் இணைத்து ஓர் ஊர் ஓர் அறிஞரைத் தாங்குமாயின், அதன் பயனை அவ்வூரின் அடுத்த தலைமுறை காணும், இன்ஷா அல்லாஹ்.