சிவப்புப் பெட்ரோல்

என் நண்பர் ஒருவரிடம் பழைய அம்பாசிடர் கார் ஒன்று இருக்கிறது. அவருடைய தகப்பனார் வாங்கியது. அதை விற்கவும் மனம் வரவில்லை. வைத்துக்கொண்டு கட்டுப்படியாகவும் இல்லை. கொஞ்ச நாளாக அதற்கு உயர்ந்த ரகப் பெட்ரோலாகவே போட்டு வருகிறார். "என்ன ஐயா, பென்ஷன் வாங்குகிற காருக்கு இவ்வளவு உபசாரமா?" என்று கேட்டேன். "கிழட்டுக் குதிரையானாலும் கொள்ளு வைத்தால் ஓடாதா?" என்றார்.

கொள்ளு என்ற அந்த ஒரு வார்த்தை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. விலை கூடின பெட்ரோலில் சத்தும் கூடுதல் என்ற நம்பிக்கை நம்மில் பல பேருக்கு உண்டு. இது எங்கிருந்து வந்தது? தேடிக்கொண்டு போனால், அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகரில், நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கதையில் போய் நிற்கிறது. வேடிக்கையாகத் தொடங்கி, வயிற்றைக் கலக்குகிற இடத்துக்குப் போகும் கதை அது.

முதலில் யந்திரத்தின் சங்கதியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை நெருக்குகிறது. நெருக்கி முடிக்கும் தறுவாயில் பிளக்கில் பொறி பறக்கிறது. தீ ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நெருக்கம் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கவ்வளவு சக்தியும் அதிகம். ஆனால் நெருக்கினால் சூடேறும். சூடு மிஞ்சினால், தீ வந்து சேருமுன்பே மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஓசை கேட்கும். மெக்கானிக்குகள் இதைத்தான் 'நாக்கிங்' என்கிறார்கள். சக்தி வீணாகும், விட்டுவிட்டால் பிஸ்டனே உடைந்துபோகலாம்.

1912-ஆம் வருஷம் காடிலாக் கார்களுக்கு சார்லஸ் கெட்டரிங் என்பவர் தாமே கிளம்பும் ஸ்டார்ட்டரையும் புது மாதிரி மின்பொறி அமைப்பையும் செய்து கொடுத்தார். கார் தட்டுகிறது என்று புகார் வந்தபோது பழி அவர் தலையில் விழுந்தது. குற்றம் பெட்ரோலில் இருக்கிறது என்று காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு. 1916-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் என்ஜினீயரிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்.

ஒரு காட்டுச் செடியின் இலைகள் சிவப்பாக இருப்பதால், குளிர் காலம் போவதற்கு முன்பே சூட்டை வாங்கிக்கொண்டு பூத்துவிடுகின்றன என்று இருவரும் ஒரு கற்பனை செய்துகொண்டார்கள். எண்ணெயையும் சிவப்பாக்கினால் சரியாகிவிடும் அல்லவா? சாயம் கைவசம் இல்லை; அயோடினைக் கரைத்து ஊற்றினார்கள். தட்டுவது நின்றுவிட்டது! பிறகு அசல் சிவப்புச் சாயங்களையே வாங்கி ஊற்றிப் பார்த்தால் ஒரு பலனும் இல்லை. வேலை செய்தது நிறமல்ல, அயோடின். தப்பான யோசனை சரியான வாசலில் கொண்டுபோய் விட்டது. அயோடினுக்கு விலை அதிகம். டெல்லூரியத்தில் பூண்டு நாற்றம். உடம்பை விட்டே போகாது. இப்படிப் பொருள் மேல் பொருளாகப் பார்த்து, 1921 டிசம்பர் 9-ஆம் தேதி ஈயத்தில் வந்து நின்றார்கள். டெட்ராஎத்தில் ஈயம் என்ற திரவத்தை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தால் போதும், தட்டல் அடங்கிவிடும்.

எரிசாராயத்தைக் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் சாராயம் யாருக்கும் சொந்தமில்லை. ஈயத்தைக் கலக்கும் முறைக்கோ பேட்டன்ட் வாங்கலாம். அதோடு சாராயம் ஏராளமாகத் தேவை. ஈயம் சிறு துளி போதும். வியாபாரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டுமா?

1923 பிப்ரவரியில் டேட்டன் நகரத்தில் முதல் காலன் விற்பனையாயிற்று. அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, 'எத்தில்' என்று பெண்பிள்ளையின் பேரைப் போல அழகான பேரையும் வைத்தார்கள். ஈயம் என்ற சொல் அந்தப் பேரில் இல்லை. ஈயம் விஷம் என்பது ரோமாபுரி நாளிலேயே தெரிந்த விஷயம். அந்த வருஷத் தொடக்கத்திலேயே மிட்ஜ்லிக்கு ஈய விஷம் ஏறி, உடம்பு தேற அவர் புளோரிடா பக்கம் போக வேண்டியிருந்தது.

1924 அக்டோபரில் நியூஜெர்ஸி மாகாணத்து பேவே சுத்திகரிப்பு ஆலையில், இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளிகள் சித்தம் கலங்கிப் போனார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். முப்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அப்போது மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தில் கையைக் கழுவிக் காட்டினார். புட்டியை மூக்கருகே வைத்து முகர்ந்தும் காட்டினார். தம் உடம்பு பட்ட பாடு தெரிந்த மனிதர் செய்த காரியம் இது! தொழிற்சாலை நோய்களை ஆராய்ந்த ஆலிஸ் ஹாமில்டன் என்ற மாது 1925-இல் வாஷிங்டன் மாநாட்டில் எழுந்து எதிர்த்தார். மறு வருஷம் அரசாங்கக் குழு, தடை செய்யப் போதிய காரணம் இல்லை, ஆராய்ச்சி மட்டும் தொடரட்டும் என்று எழுதி வைத்தது. விற்பனை தொடர்ந்தது.

இனி நம்முடைய கேள்விக்கு வருவோம். அன்றைக்கு ரோட்டில் ஓடிய கார்களில் மிகப் பிரபலமானது ஃபோர்டு 'டி' மாடல். அது கலவையைச் சுமார் நாலில் ஒரு பங்காகத்தான் நெருக்கும். அவ்வளவு சாதுவான யந்திரத்துக்குப் பொறுமையான பெட்ரோல் எதற்கு? ஆனாலும் 1930-களில், பணமுடை தலைவிரித்தாடிய நாளில், புதுக் காருக்கு அடுத்தபடி மேலானது எத்தில் ஊற்றிய உங்கள் பழைய கார்தான் என்று விளம்பரம் செய்தார்கள். புதுக் கார் வாங்க வழியில்லாதவனின் ஏக்கத்துக்குச் சரியான தூண்டில்.

அது முழுப் பொய்யும் அல்ல. கார் பழசானால் சிலிண்டருக்குள் கரி படியும், கரி படிந்தால் இடம் குறையும், நெருக்கம் கூடும், சூடும் ஏறும், தட்டல் தொடங்கும். அப்படித் தட்டுகிற காருக்கு நல்ல பெட்ரோல் நிவாரணம்தான். ஆனால் தட்டாத காருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சத்தைக் காட்டும் எண்ணல்ல. பொறுமையைக் காட்டும் எண். எவ்வளவு நெருக்கினாலும் சமயத்துக்கு முன்னால் வெடிக்காமல் இருக்கும் பொறுமை, அவ்வளவுதான்.

அந்தப் பொறுமை உண்மையாகவே உதவிய இடமும் உண்டு. 1940-இல் பிரிட்டனைக் காத்த ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் வந்தது. அதை வெறுமனே ஊற்றியதால் வேகம் வரவில்லை. மெர்லின் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டாக உயர்த்திக்கொள்ள அது இடம் கொடுத்தது. யந்திரத்தை மாற்றினால்தான் பெட்ரோலின் குணம் பயன்படும். 2016-இல் அமெரிக்க ஆட்டோமொபைல் அசோசியேஷன், சாதாரணப் பெட்ரோலுக்கென்று செய்த கார்களில் உயர்ந்த ரகத்தை ஊற்றிச் சோதித்தபோது, சொல்லும்படியான பலன் ஒன்றையும் காணவில்லை.

ஆனால் அந்தச் சிவப்புப் பெட்ரோலின் விலையைக் கார்க்காரன் மட்டுமா கொடுத்தான்? ஈயத்தை வைத்துப் பூமியின் வயசைக் கணக்கிட்ட கிளேர் பாட்டர்சன், எங்கு பார்த்தாலும் ஈயம் ஒட்டியிருப்பதைக் கண்டு திடுக்கிட்டு, மனிதன் உடம்பில் இருக்கும் ஈயம் இயற்கையானதல்ல என்று 1965-இல் எழுதினார். குழந்தைகளின் மூளையை அது குறுக்குகிறது என்பதும் பின்னால் தெரிந்தது. சென்னையில் 1995-இல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நின்றது. உலகத்தில் கடைசியாக நிறுத்திய தேசம் அல்ஜீரியா, 2021-இல். இன்று நம் பெட்ரோலில் கலப்பது அந்தப் பழைய எரிசாராயத்தைத்தான்!

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "உங்கள் வண்டி தட்டுகிறதா?" என்று கேட்டேன். "தட்டவில்லை, மேடு ஏறத்தான் மூச்சு வாங்குகிறது" என்றார். ஒரு வயசான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார், பிளக்கைச் சுரண்டினார், டைமிங்கைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். மேட்டில் வண்டி ஏறியது.

திரும்பி வரும்போது பங்கில் நிறுத்தினார். "எது சார் போட?" என்று பையன் கேட்டான். நண்பர் ஒரு கணம் தயங்கினார். "சாதாரணமே போடப்பா. எங்க அப்பா அதைத்தான் போடுவார்" என்றார்.