முண்ணாணும் காவியும்

காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு மூளைக்காய்ச்சலோ என்று பதுளை பெரியாஸ்பத்திரியில் சந்தேகம் எழுந்தால், அன்று பொழுது சாய்வதற்குள் தோட்டத்து லயத்தில் ஒரே பேச்சுதான்: "புள்ளைக்கு முதுகுல தண்ணி எடுக்கப் போறாங்களாம்." அந்தத் தண்ணீருக்கு இலங்கைப் பாடநூலில் ‘மூளைய முண்ணாண் பாய்பொருள்’ என்று பெயர். தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளில் அது ‘மூளைத் தண்டுவடத் திரவம்’.

மூன்றிலும் இலங்கைப் பெயரே வாய்க்குக் கடினம். பிரித்துப் பார்த்தால் எல்லாமே வீட்டுச் சொற்கள். தெள்ளும் நீரும் சேர்ந்து தெண்ணீர் ஆவதுபோல, முள்ளும் நாணும் சேர்ந்தால் முண்ணாண். முள், முள்ளந்தண்டில் உள்ளது. நாண், வில்லில் பூட்டுவது. பிள்ளையின் இடுப்பில் அரைஞாணாகக் கிடப்பதும் அதுவே. முள்ளெலும்புகளின் நடுவே இறங்கும் கயிறு என்று சொல்லே படம் வரைந்து காட்டுகிறது.

பாய்பொருள் என்பதும் பொருத்தமான பெயர். வளர்ந்தவர் ஒருவரிடம் ஒரு நேரத்தில் இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலீற்றர். நாளொன்றுக்குச் சுரப்பதோ சுமார் 500. பழையது குருதிக்குள் வடிந்துகொண்டே இருக்க, ஒரே நாளில் மூன்று நான்கு முறை புதிதாகிவிடுகிறது. 1764இல் இத்தாலிய மருத்துவர் கொட்டூனியோ இதை விவரித்தார். முதுகில் ஊசியிட்டு எடுக்கும் முறையை 1891இல் ஜெர்மானியர் குவிங்கே வெளியிட்டார். அதற்கு வெகு முன்பே, 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உடற்கூற்றைத் தமிழிலேயே கற்பித்துக் கலைச்சொல்லுக்கு வழி திறந்திருந்தார்.

இந்தப் பாய்பொருளின் வேலையைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல் வேண்டும்: காவி. துறவியின் நிறமல்ல, காவுதல், அதாவது சுமந்து செல்லுதல். இரு முனையிலும் சுமை தொங்கத் தோளில் வைக்கும் தண்டுக்குக் ‘கா’ என்று பெயர். ஊவாவின் கதிர்காமத்துக்கு முருகனுக்கு எடுத்துச் செல்லும் காவடியில் இருப்பது அந்தக் கா. டெங்குச் சுவரொட்டியில் நுளம்பு ‘நோய்க்காவி’ ஆவதும் அப்படித்தான். பாடநூலின் ‘காவிப் புரதம்’ கலத்தின் மென்சவ்வைத் தாண்டிப் பொருளைச் சுமக்கிறது.

மூளைக்கு வேண்டிய குளுக்கோசின் பெரும்பங்கு, மயிர்த்துளைக் குழாய்களின் சுவரில் உள்ள காவிகள் வழியே நேராக இழையத்துக்குப் போகிறது. விற்றமின் சி-க்கு வேறு பாதை. மூளையின் உள்ளறைகளில் கொத்தாகத் தொங்கும் குருதிக்குழாய்ப் பின்னல்தான் பாய்பொருளைச் சுரக்கிறது. அங்குள்ள காவிகள், கொய்யாவிலும் நெல்லியிலும் கிடைத்த அந்த விற்றமினை, செறிவு குறைந்த குருதியிலிருந்து செறிவு கூடிய பாய்பொருளுக்கு ஏற்றிவிடுகின்றன. கொழுந்துக் கூடையோடு மேடேறி மடுவத்துக்குப் போவதுபோல, இதற்குச் சக்தி செலவாகும். அதன் பிறகு சுமை இறக்கம்தான். உள்ளறைச் சுவரின் கலங்களுக்கிடையே பெரும்பாலும் இறுக்கமான அடைப்பு இல்லாததால், பாய்பொருளில் இருப்பது பக்கத்து இழையத்துக்குள் பரவுகிறது. இழையத்தின் கழிவும் அதே வழியில் திரும்பி வருகிறது.

தண்ணி எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று தாய்மார் அஞ்சுவதுண்டு. ஆனால் ஊசி இறங்குவது கீழ்முதுகில், நாண் முடிந்துவிட்ட இடத்துக்குக் கீழே. அங்கே பாய்பொருளில் மிதக்கும் நரம்பு இழைகளே உண்டு. எடுத்த துளிகளில் குளுக்கோசு அளக்கப்படும். வழக்கமாகக் குருதியில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். பற்றீரியா தொற்றினால் அது வெகுவாகக் குறையும்.

அந்த அளவு வருமுன்பே டாக்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நலமான பாய்பொருளுக்கு நிறமில்லை. பீலியில் விழும் நீரைப்போலத் தெளிந்திருக்கும். வாசலில் நிற்கும் தாயும் அதைத்தான் கேட்பாள்: "தண்ணி தெளிவா இருந்துச்சாங்க ஐயா?"