கண்ணாடி இழையும் தண்ணீரும்

கண்ணாடி என்றாலே உடையும் பொருள் என்றுதான் நினைப்போம். அதையே முடியைவிட மெல்லிய இழையாக இழுத்தால் எஃகுக்கு ஈடான இழுவிசையைத் தாங்கும். அமெரிக்காவில் ஓவன்ஸ்-இல்லினாய், கார்னிங் ஆகிய இரு கண்ணாடி நிறுவனங்கள் சேர்ந்து 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் ஃபைபர்கிளாஸ் நிறுவனத்தைத் தொடங்கின. இரண்டாம் உலகப் போரில், இந்த இழைத் துணியில் பாலியெஸ்டர் பிசினைத் தோய்த்து இறுகவைத்து விமான ரேடார்களுக்கு மூடிகள் செய்தார்கள். ரேடியோ அலையைத் தடுக்காது, எடையும் குறைவு.

ஆனால் ஈரம் பட்டால் பலம் இறங்கியது. இழையும் கெடவில்லை, பிசினும் கரையவில்லை. இரண்டும் ஒட்டியிருந்த இடம்தான் விட்டுப்போனது.

காரணம் கண்ணாடியின் குணத்திலேயே இருக்கிறது. அதன் மேற்பரப்புக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பிரியம். காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துப் போர்த்திக்கொள்ளும். எண்ணெய்த்தன்மை கொண்ட பிசினைவிடத் தண்ணீரே அதற்கு நெருக்கம். சுமார் 10 மைக்ரான் தடிமனுள்ள இழை ஒரு கிலோ எடுத்தால் அதன் மொத்த மேற்பரப்பு 150 சதுர மீட்டருக்கு மேல் வரும். ஒரு வீட்டின் தரையைவிடப் பெரிய பரப்பு முழுவதும் தண்ணீர் நுழைய வழி!

இன்னொரு தொல்லையும் இருந்தது. நெய்யும்போது இழை அறுந்துவிடாமலிருக்க மாவும் எண்ணெயும் கலந்த பூச்சு பூசுவார்கள். பிசின் ஒட்ட வேண்டுமானால் அதைச் சூடேற்றி எரித்து நீக்க வேண்டும். அந்தச் சூட்டில் இழையும் பலவீனமாகிவிடும்.

திருப்பம் 1947இல் வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் விட்டும் குழுவினரும் அமெரிக்கக் கடற்படைக்கு ஓர் அறிக்கை அளித்தனர். கண்ணாடித் துணியில் இரு வகைச் சிலேன்களைத் தனித்தனியாகப் பூசிப் பார்த்ததில், அல்லைல் சிலேன் பூசியது எத்தில் சிலேன் பூசியதைவிட இரு மடங்கு பலம் தந்தது. இரண்டுமே கண்ணாடியைப் பிடித்துக்கொள்பவைதான். ஆனால் அல்லைலில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. பாலியெஸ்டர் இறுகும்போது அதுவும் பிசினோடு சேர்ந்துகொள்ளும். எத்திலுக்கு அந்தக் கை இல்லை. அதாவது, தண்ணீரை விரட்டும் பூச்சு மட்டும் போதாது. ஒரு கை கண்ணாடியையும் மறு கை பிசினையும் பிடிக்க வேண்டும். இந்தத் துறையின் மிக முக்கியமான ஒப்பீடு இதுதான் எனலாம்.

அதன்பின் வேகம் கூடியது. டூபாண்ட் நிறுவனத்தின் குரோமியச் சேர்மமான வோலனும் பரவலாகப் பயன்பட்டது. 1953இல் செவ்ரோலெட் கார்வெட் காரின் உடல் முழுக்கக் கண்ணாடி இழையில் வந்தது. டௌ கார்னிங் நிறுவனத்தின் எட்வின் புளூட்மன் எந்தப் பிசினுக்கு எந்தச் சிலேன் என்று ஏராளமாகச் சோதித்தார். மாதிரிகளைக் கொதிநீரில் மணிக்கணக்கில் போட்டு எடுத்து ஒடித்துப் பார்ப்பது வழக்கமான சோதனை.

அவர் தந்த விளக்கம் சுவையானது. சிலேன் தண்ணீரை முழுவதுமாகத் தடுப்பதில்லை. தண்ணீர் வந்து பிணைப்பை அறுக்கும். ஆனால் பிசின் அந்த இடத்தைவிட்டு நகராததால் அறுந்தது மீண்டும் கூடும். இன்று இழை உருகிய கண்ணாடியிலிருந்து இழுபட்டு வரும்போதே, சுருளில் சுற்றும் முன் சிலேன் கலந்த பூச்சு ஏறிவிடுகிறது. உலர்ந்த பின் அந்தப் பூச்சு முழுவதும் சேர்ந்தே இழையின் எடையில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான்.