சாவில்லாத மாடுகள்

திபெத்தில் 1959-ஆம் ஆண்டுக்கு முன்னர் மடாலயங்களுக்குப் பெருமந்தைகள் சொந்தமாய் இருந்தன. அவற்றை மேய்ச்சல் குடும்பங்களிடம் ஒப்படைத்து, தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் வெண்ணெய் பெற்றுக்கொண்டனர். அவ்வொப்பந்தங்களுள் ஒன்றுக்குக் 'கியெமே சிமே' என்று பெயர். 'பிறப்பில்லை, இறப்பில்லை' என்பது அதன் பொருள். பத்து யாக் பசுக்களைப் பெற்ற குடும்பம், அவை இருபதாய்ப் பெருகினாலும் பத்துக்கே வெண்ணெய் அளக்கும். பனியில் பத்தும் மாண்டாலும் பத்துக்கும் அளந்தே ஆகவேண்டும். நல்ல காலத்தில் பெருக்கம் மேய்ப்பனுக்கு. கெட்ட காலத்தில் இழப்பும் அவனுக்கே. தந்தை வாங்கிய மாடு செத்தொழிந்த பின்னும் மகன் வெண்ணெய் அளந்தான்.

(யாக் என்பது நம் புலவர்கள் பாடிய கவரிமாதான். அதனை மானாக்கி விட்டவர்கள் நாம்!)

திபெத்தியரைப் பழிக்குமுன் சற்று நிற்போம். சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்க்கு 96 ஆடுகள் என்பது கணக்கு. செருமானிய நாடுகளில் நம் ஆலயங்களும் உழவரிடம் 'இரும்புப் பசு' விட்டிருந்தன. இரும்பு மாடு சாவதில்லை என்பது அந்நாட்டுப் பழைய சட்டமொழி. வெண்ணெய் விளக்கோ, நெய் விளக்கோ, மெழுகுவர்த்தியோ, அது அணையாதிருக்க ஏழையின் தொழுவத்தில் மாடு சாகாதிருக்க வேண்டியிருந்தது.

மடாலய மந்தைகள் பின்னர் கம்யூன்களுக்குப் போயின. 1980-களில் குடும்பங்களுக்கே பங்கிடப்பட்டன. சமமாய்ப் பெற்றவர்களிடையே சில ஆண்டுகளிலேயே உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவு தோன்றிவிட்டது. 1997-98 குளிர்காலத்தில் நக்சு பகுதியில் பெய்த கடும்பனி, மந்தைகளை அழித்துப் பல குடும்பங்களை வெறுங்கையராக்கியது. அத்தகையோருக்கு மாடு கொடுப்பது எவ்வாறு?

அமெரிக்கப் பிரெதரன் சபையைச் சேர்ந்த டான் வெஸ்ட் என்னும் உழவர், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது (1936-39) பசித்த குழந்தைகளுக்குப் பால் பங்கிட்டார். குழந்தைகள் பலர்; பாலோ கொஞ்சம். குவளைப் பாலன்று, பசுவே தேவை என்ற எண்ணத்தோடு அவர் ஊர் திரும்பினார். முதலில் கிடைத்த மூன்று கிடாரிகளுக்கு விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பெயரிட்டனர். 1944-இல் முதல் கப்பல் புவெர்த்தோ ரிக்கோ சென்றது. நிபந்தனை ஒன்றே: பெற்றவர் தம் பசு ஈனும் முதல் பெண்கன்றை வேறொரு வறியவருக்குக் கொடுக்கவேண்டும். இவ்வியக்கமே ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் என வளர்ந்து, பின்னாளில் சிச்சுவான் மாநிலத்தில் திபெத்தியர் வாழும் பகுதிகளுக்கும் வந்தது.

இங்கும் கடன் உண்டு. ஆயினும் அது கொடுத்தவரிடம் திரும்புவதில்லை. அடுத்த வீட்டுக்குப் போகிறது. ஒரு கன்றோடு தீர்ந்தும் போகிறது.

கன்று பிழைக்க வேண்டுமே! அதற்குத்தான் பயிற்சி. கோடையிலேயே புல்லறுத்து உலர்த்திச் சேமிக்கவும், சினைமாட்டுக்குக் காற்றுப்புகாக் கொட்டில் அமைக்கவும், தடுப்பூசி போடவும் கற்பிக்கிறார்கள். குளிர்காலத்தில் யாக் மெலிந்து எலும்பாகிவிடும். பள்ளத்தாக்கில் பார்லி பயிரிடுவோருக்குத் தாள் உண்டு. மேட்டில் மேய்ப்போருக்கு அதுவுமில்லை. கற்றதையும் கன்றோடு சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

இதில் அவசரத்துக்கு இடமில்லை. யாக் பசு முதற்கன்று ஈனுவதற்கே மூன்று நான்கு வயதாகும். பெரும்பாலும் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் ஈனும். அதிலும் முதற்கன்று காளையாய் அமைந்துவிட்டால், அடுத்த வீட்டார் இன்னும் இரண்டு குளிர்காலம் காத்திருக்க வேண்டும்.